19 மாதப் பழைய இன்குவைரிகளுக்காக வீட்டுக் கடனைத் தள்ளிப்போடலாமா?

வணக்கம். நீங்கள் எழுதியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கிறீர்கள். 19 மாதங்களுக்கு முன் கார் வாங்கப் போனபோது டீலர் உங்கள் விண்ணப்பத்தை ஒரே வாரத்தில் ஏழு கடன் நிறுவனங்களுக்கு அனுப்பிவிட்டார். 14 மாதங்களுக்கு முன் ஒரு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தீர்கள், கிடைத்தது. 8 மாதங்களுக்கு முன் இன்னொரு கார்டுக்கு விண்ணப்பித்தீர்கள், மறுத்துவிட்டார்கள். மறுப்புக் கடிதத்தில் ஐந்து காரணங்கள் இருந்தன, கடைசிக் காரணம் 'இன்குவைரிகளின் எண்ணிக்கை'. இப்போது கிரெடிட் ஸ்கோர் 691. வீடு வாங்க ஆசை. ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒன்பது ஹார்ட் இன்குவைரிகள், அதாவது நீங்கள் கடன் கேட்டதால் நிறுவனங்கள் அதை எடுத்துப் பார்த்த பதிவுகள், வரிசையாக நிற்கின்றன. அவற்றில் கார் இன்குவைரிகள் ஏழும் மறைய இன்னும் ஐந்து மாதம் காத்திருப்பதா, அல்லது முன்பணம் கொடுத்தால் ஒன்பதையும் நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனத்திடம் போவதா என்று கேட்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். அந்த ஒன்பதில் எட்டு, ஃபைகோ (வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் வழக்கமாகப் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர்) கணக்கில் ஏற்கெனவே செத்துப்போனவை. மீதமிருக்கும் ஒன்றுக்கும் நான்கு மாதத்தில் உயிர் போய்விடும். உங்கள் ஸ்கோர் 691-இல் நிற்பதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அது அநேகமாக அதே கடிதத்தின் முதல் நான்கு வரிகளில் இருக்கும்.

இதை எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஒரு கிரெடிட் யூனியனின் வீட்டுக் கடன் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். முதலில் லோன் ஆபீசராக, பிறகு விண்ணப்பங்களை ஆராய்ந்து முடிவெடுக்கும் அண்டர்ரைட்டராக. ஸ்கோர் மாதிரிகளைக் கட்டும் பக்கம் நான் இருந்ததில்லை. வந்த ஸ்கோரை வைத்துக் கடன் கொடுக்கும் பக்கம்தான் என் அனுபவம். அதனால் கீழே வருவதில் எது அந்த நிறுவனங்களே வெளியிட்டது, எது சட்டம், எது என் கண்ணால் பார்த்தது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானவை. ஹார்ட் இன்குவைரி என்பது நீங்கள் கடன் கேட்டதால் ஒரு நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததற்கான பதிவு. அது ரிப்போர்ட்டில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். ஆனால் ஃபைகோ ஸ்கோர் கணக்கிடும்போது கடைசி 12 மாதத்து இன்குவைரிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இதை ஃபைகோ நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆக, 12 மாதம் முடிந்து 24 மாதம் ஆகாத ஒரு இன்குவைரி கண்ணுக்குத் தெரியும், கணக்கில் சேராது. உங்கள் கார் இன்குவைரிகள் ஏழும், 14 மாதத்துக் கார்டு இன்குவைரியும் இந்த இடைப்பட்ட காலத்தில்தான் இருக்கின்றன. இன்று அவற்றை யாராவது மாயமாக அழித்துவிட்டாலும் ஃபைகோ ஸ்கோர் ஒரு புள்ளிகூட அசையாது.

இந்த இரண்டு கால அளவுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். 'இரண்டு வருஷம் ஆகட்டும், எல்லாம் போனதும் வாங்க' என்று சிலரைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் காத்திருந்ததில் எந்தப் பலனும் இல்லை என்று பின்னால் தெரிந்தபோது மனது மிகவும் சங்கடப்பட்டது. இன்று உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தைப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். கிரெடிட் ரிப்போர்ட்டுகளை ஆளும் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் 1970-இல் வந்தது. உங்கள் ரிப்போர்ட்டை யார் யார் வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்டால், வேலைக்கு எடுப்பதற்காகப் பார்த்தவர்களை இரண்டு ஆண்டுக்கும், மற்றவர்களை ஓராண்டுக்கும், ரிப்போர்ட்டைத் தொகுத்து வைக்கும் நிறுவனங்களான பீரோக்கள் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்கிறது அது. கடன் இன்குவைரிகளைப் பொறுத்தவரை இரண்டு ஆண்டு என்பது பீரோக்கள் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம். உங்களைத் தண்டிக்க யாரும் போட்ட கெடு அல்ல. உங்கள் ரிப்போர்ட்டுக்குள் யார் கை வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியலின் முதல் பயன். இதைக் கீழே மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் பழைய இன்குவைரியால் உண்மையில் ஆகக்கூடிய உபயோகம் அது ஒன்றுதான்.

அடுத்து அந்த ஏழு. நீங்கள் அதிகம் கலங்கியிருப்பது அதைப் பார்த்துத்தான் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. கார் டீலரிடம் உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போடுகிறோம், உள்ளே இருக்கும் ஃபைனான்ஸ் மேனேஜர் அதை நாலைந்து இடங்களுக்குத் தட்டிவிடுகிறார், எங்கே வட்டி படிகிறதோ அங்கே முடிக்கிறார். இது அன்றாடம் நடப்பது. ஒருவர் ஏழு கார் வாங்கப் போவதில்லை, ஒரு காருக்கு ஏழு இடத்தில் விலை கேட்கிறார் என்பது ஸ்கோர் கட்டியவர்களுக்கும் தெரியும். அதனால் வீட்டுக் கடன், கார் கடன், கல்விக் கடன் மூன்றுக்கும் ஃபைகோவில் ஒரு சலுகை உண்டு. ஸ்கோர் எடுக்கும் நாளுக்கு முந்தைய 30 நாட்களில் நடந்த இவ்வகை இன்குவைரிகள் கணக்கிலேயே வராது. அதற்கு முந்தையவற்றில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் நடந்தவை எல்லாம் சேர்ந்து ஒன்றாகவே எண்ணப்படும். அந்தக் காலம் பழைய பதிப்புகளில் 14 நாள், புதியவற்றில் 45 நாள். உங்கள் ஏழும் ஒரே வாரத்தில் நடந்தவை. எந்தப் பதிப்பில் பார்த்தாலும் அவை ஒன்றுதான். அதாவது அவை உயிரோடு இருந்த அந்த முதல் ஆண்டிலேயே ஏழாக இருந்ததில்லை.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. எது கார் இன்குவைரி என்பதை, ரிப்போர்ட்டை எடுத்த நிறுவனம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கணினி முடிவு செய்கிறது. எல்லா வகைக் கடனும் கொடுக்கும் ஒரு நிறுவனம் பொதுவான குறியீட்டில் எடுத்திருந்தால் அது கூட்டத்தில் சேராமல் தனியாக நின்றுவிட வாய்ப்புண்டு. உங்களுக்கு 19 மாதம் ஆகிவிட்டதால் இனி இது பொருட்டில்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது இப்போது கார் வாங்கிக்கொண்டிருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

கார்டுகளுக்கு இந்தச் சலுகை ஃபைகோவில் கிடையாது. மூன்று கார்டுக்கு ஒரே நாளில் விண்ணப்பித்தாலும் மூன்று இன்குவைரிதான். காரணம் எளிது: மூன்று கார்டும் கிடைத்தால் மூன்றையும் வைத்துக்கொள்ள முடியும். ஆக, உங்கள் பட்டியலில் இன்றைக்கு எண்ணப்படுவது 8 மாதத்துக்கு முந்தைய அந்த ஒரே கார்டு இன்குவைரி.

அது எத்தனை புள்ளியைக் குறைத்திருக்கும்? பெரும்பாலானவர்களுக்கு ஒரு கூடுதல் இன்குவைரியால் ஐந்து புள்ளிக்கும் குறைவாகவே இறங்கும் என்று ஃபைகோ சொல்கிறது. அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வெளியில் இருக்கும் எவராலும் முடியாது, ஏனென்றால் சூத்திரம் வணிக ரகசியம். 'உங்களுக்கு இன்குவைரிக்கு இத்தனை புள்ளி போகிறது' என்று யாராவது எண் சொன்னால் அவர் ஊகிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லலாம். கணக்குகள் குறைவாகவும் வரலாறு குட்டையாகவும் இருப்பவருக்கு அடி கொஞ்சம் கூடுதலாக விழும். இருபது ஆண்டு வரலாறு உள்ளவருக்கு அது உறைக்காது. இந்தியாவிலிருந்து வந்து நாலைந்து ஆண்டே ஆனவர்கள் பெரும்பாலும் முதல் வகை. புதிதாக வருபவர்கள் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைகோ ஸ்கோர் உருவாகவே குறைந்தது ஆறு மாதம் பழைய கணக்கு ஒன்று வேண்டும். அந்த ஆறு மாதம் பொறுக்காமல் கார்டு மேல் கார்டாக விண்ணப்பித்து, மறுப்பு மேல் மறுப்பாக வாங்கி, ஸ்கோர் பிறக்கும்போதே நாலைந்து இன்குவைரியோடு பிறக்கும்படி செய்துகொள்வார்கள். ஒரு ஆறுதல், மறுப்பு என்பது ரிப்போர்ட்டில் எங்குமே பதிவாவதில்லை. விண்ணப்பித்தது தெரியும், கிடைக்காமல் போனது தெரியாது.

இவ்வளவு சிறிய விஷயம் என்றால் வங்கி ஏன் கடிதத்தில் காரணமாக எழுதியது என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதைச் சரியாகக் கேட்பவர்கள் குறைவு. ஸ்கோரைப் பார்த்து ஒருவருக்குக் கடன் மறுத்தால், அந்த ஸ்கோர் எத்தனை, அதைக் கீழே இழுத்த முக்கியக் காரணங்கள் எவை என்று எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். காரணங்களின் எண்ணிக்கைக்கு நான்கு என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஆனால் இன்குவைரிக்கு மட்டும் அந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. இன்குவைரிகளின் எண்ணிக்கை ஸ்கோரைப் பாதித்த காரணிகளில் ஒன்றாக இருந்து, முதல் நான்குக்குள் வராமல் போனால், அதை ஐந்தாவதாகச் சேர்த்து எழுதியே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் ஐந்து காரணங்கள் இருந்தன, ஐந்தாவது இன்குவைரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது அந்தச் சட்டப்படி சேர்க்கப்பட்ட வரியாகத்தான் இருக்க வேண்டும். வேறு எந்தக் காரணமும் ஐந்தாவது இடத்தில் நின்றால் கடிதத்துக்கே வந்திருக்காது. பந்தியில் இடமில்லாதவருக்கு ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டு உட்கார வைத்ததுபோல. அதைப் போய் விருந்தின் தலைவர் என்று நினைத்துவிட்டீர்கள். நினைத்ததில் தவறில்லை. கடைசியாகப் படித்த வரிதான் மனதில் நிற்கும்.

அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளில் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று போட்டுப் பாருங்கள். அன்று கார் இன்குவைரிகளுக்கு 11 மாதம், எல்லாம் சேர்ந்து ஒன்று. முதல் கார்டுக்கு ஆறு மாதம், அது ஒன்று. அன்றைய விண்ணப்பமும் சேர்ந்தால் மூன்று. மூன்று இருந்தபோதே ஐந்தாவது காரணம். இன்று இருப்பதோ ஒன்று.

ஃபைகோவின் கணக்கில் புதுக் கடன் என்ற பிரிவு முழுவதற்குமே சுமார் 10 சதவீத எடைதான். இன்குவைரி அந்தப் பத்துக்குள் ஒரு பங்கு. தவணைகளை நாள் தவறாமல் கட்டியதற்கு 35, எவ்வளவு கடன் நிலுவை என்பதற்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15, கடன் வகைகளின் கலவைக்கு 10. கடிதத்தின் முதல் இரண்டு காரணங்களை நீங்கள் எழுதியிருந்தீர்கள்: கார்டு நிலுவை வரம்போடு ஒப்பிடும்போது அதிகம், கணக்குகளின் வயது குறைவு. முதலாவது அந்த 30-இல் வருவது. உங்கள் ஸ்கோர் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் அது.

ஒரு நர்ஸ் எங்களிடம் வந்தது ஞாபகம் வருகிறது. கையில் ஒரு கோப்பு. ரிப்போர்ட்டில் இருந்த 11 இன்குவைரிகளையும் மஞ்சள் பேனாவால் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தத் தேதியில் மறையும் என்று எழுதி வைத்திருந்தார். ஒரு வருடமாக அந்தத் தேதிகளுக்காகக் காத்திருக்கிறேன் என்றார். ஸ்கோர் 668. அவரிடம் இருந்தது ஒரே கார்டு, வரம்பு 6,000 டாலர், நிலுவை 5,400. சேமிப்புக் கணக்கில் அதைவிட அதிகப் பணம் சும்மா கிடந்தது. வீட்டுக்கான முன்பணத்தில் கை வைக்கக் கூடாது என்று தொடாமல் வைத்திருந்தார். அந்தக் கார்டை 300 டாலருக்குக் கீழே கொண்டுவரச் சொன்னோம். அடுத்த ஸ்டேட்மென்ட் பீரோவுக்குப் போனதும் ஸ்கோர் 40 புள்ளிக்கு மேல் ஏறியது. மஞ்சள் கோடு போட்ட பதினொன்றும் அப்படியே இருந்தன. அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட, போன ஒரு வருடத்தைப் பற்றிய வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. உங்களுக்கும் 40 ஏறும் என்று நான் சொல்லவில்லை. அவருடைய ரிப்போர்ட் வேறு, உங்களுடையது வேறு. எந்தப் பக்கம் தோண்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

நிலுவையில் ஒரு நல்ல குணம் உண்டு. வீட்டுக் கடனுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பழைய ஃபைகோ பதிப்புகளுக்கு அதில் ஞாபக சக்தி கிடையாது. போன ஆண்டு கார்டு நிரம்பி வழிந்ததா என்று அவை கேட்பதில்லை, கடைசியாகப் பதிவான நிலுவை என்ன என்றுதான் பார்க்கின்றன. பொதுவாக வங்கிகள் ஸ்டேட்மென்ட் முடியும் நாளில் உள்ள தொகையைத்தான் பீரோக்களுக்கு அனுப்புகின்றன. எனவே பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு முன் கட்டினால் போதாது, ஸ்டேட்மென்ட் முடியும் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள். 2020-இல் வந்த ஃபைகோ 10டி-யும், ஃபைகோவுக்குப் போட்டியான வான்டேஜ்ஸ்கோர் 4.0-வும் இரண்டு ஆண்டுப் போக்கையும் சேர்த்துப் பார்ப்பவை. வீட்டுக் கடன் உலகம் மெல்ல அவற்றின் பக்கம் நகர்ந்துவருகிறது. அதனால் ஒரு மாதம் மட்டும் குறைத்துக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்ளும் வேலை வேண்டாம்.

அந்த 691 எந்த ஸ்கோர் என்றும் பாருங்கள். இலவச செயலிகள் பலவற்றில் தெரிவது வான்டேஜ்ஸ்கோர். அது மூன்று பீரோக்களும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த வேறு ஒரு ஸ்கோர். அளவுகோல் இதற்கும் 300 முதல் 850 வரைதான் என்பதால் ஆட்கள் ஃபைகோ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கடன் கொடுப்பவர் வழக்கமாக எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றிலிருந்தும் ஆளுக்கொரு ஸ்கோர் எடுத்து நடுவில் இருப்பதை வைத்துக்கொள்வார். கார் டீலர் அனுப்பிய ஏழு பேரும் ஒரே பீரோவில் பார்த்திருக்க மாட்டார்கள், எனவே பட்டியலும் பீரோவுக்குப் பீரோ மாறும். மூன்று ரிப்போர்ட்டையும் ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பது சாஃப்ட் இன்குவைரி, அதனால் ஸ்கோருக்கு ஒன்றும் ஆகாது. இப்போதிருக்கும் கார்டு நிறுவனம் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும், விளம்பரச் சலுகை அனுப்புவதற்காகப் பார்ப்பதும் அப்படியே.

இனி அந்த நிறுவனம். தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். கடன் சீரமைப்பு நிறுவனங்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, செய்வதாகச் சொன்ன வேலையை முழுவதும் முடிக்கும் முன் அவர்கள் பணம் வாங்கவே கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் மூன்று வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் நீங்கள் ரத்து செய்யலாம். முன்பணம் கேட்பதிலேயே அவர்கள் யார் என்று தெரிந்துவிடுகிறது. அதைவிட எனக்குக் கவலை, ஒன்பதையும் நீக்க அவர்கள் கையாளும் வழி. நீங்களே கையெழுத்திட்டுக் கேட்ட கடனுக்கான இன்குவைரியை நியாயமாக நீக்க வழியே இல்லை. எனவே 'இது நான் கேட்டதல்ல, என் அடையாளத்தைத் திருடிவிட்டார்கள்' என்று உங்கள் பெயரில் எழுதுவார்கள். அது பொய். பொய்க்குக் கையெழுத்து உங்களுடையது. அந்த ஏழில் ஒன்றுதான் இன்று நீங்கள் மாதாமாதம் தவணை கட்டும் கார் கடன். அதற்கான இன்குவைரியைத் திருட்டு என்று சொல்லிவிட்டு அதே கடனை வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் காட்டினால் அண்டர்ரைட்டர் என்ன நினைப்பார்? அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் கோப்பை மூடி வைத்துவிட்டு விளக்கம் கேட்பேன். ரிப்போர்ட்டில் தகராறு இன்னும் தீராமல் இருக்கும் கணக்கு ஒன்று தெரிந்தாலே பல கோப்புகள் வாரக்கணக்கில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பட்டியலில் உண்மையாகவே உங்களுக்குத் தெரியாத பெயர் ஒன்று இருந்தால் கதை வேறு. மேலே மறுபடி சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். அது 19 மாதம் பழையதாக இருந்தாலும், ஸ்கோருக்கு ஒன்றும் செய்யாததாக இருந்தாலும், விடாதீர்கள். அவசரப்படவும் வேண்டாம். கார் கடன் கொடுக்கும் நிறுவனங்களின் பெயர்கள் விசித்திரமாக இருக்கும், டீலர் யாருக்கெல்லாம் அனுப்பினார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்காது. தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வாரத்து இன்குவைரியாக இருந்தால் டீலரைக் கேட்டாலே விடை கிடைக்கும். அந்த வாரத்தில் இல்லாத, நீங்கள் எங்கும் கையெழுத்திடாத ஒன்றாக இருந்தால், யாரோ உங்கள் பெயரில் கடன் வாங்க முயன்றிருக்கலாம். 2017-இல் ஈக்விஃபாக்ஸில் மட்டும் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. அவை இன்னும் யார் கையிலெல்லாம் இருக்கின்றனவோ. முதல் வேலையாக மூன்று பீரோவிலும் ரிப்போர்ட்டை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது புதுக் கடனுக்காக யாரும் அதைப் பார்க்க முடியாதபடி பூட்டி வையுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து அது இலவசம். பிறகு அந்த நிறுவனத்துக்கும் பீரோவுக்கும் எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பீரோ விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் புகார் பதிந்து அந்த அறிக்கையைத் தேவையான ஆவணங்களோடு கொடுத்தால், திருட்டால் வந்த பதிவுகளை நான்கு வேலை நாட்களுக்குள் முடக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதற்கெல்லாம் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கத் தேவையில்லை. வீட்டுக் கடனுக்குப் போகும்போது மட்டும் மறக்காமல் ஃப்ரீஸைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கடன் கொடுப்பவராலும் பார்க்க முடியாது.

ஸ்கோருக்கு வெளியே பழைய இன்குவைரியை மனிதக் கண் பார்க்காதா என்ற சந்தேகம் நியாயமானது. பார்க்கும். ஆனால் நாங்கள் பார்ப்பது புதியவற்றை. கடந்த மூன்று, நான்கு மாதத்துக்குள் இன்குவைரி இருந்தால், அதனால் புதுக் கடன் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டு ஒரு விளக்கக் கடிதம் வாங்குவோம். ரிப்போர்ட்டில் இன்னும் ஏறாத கடன் ஒன்று ஒளிந்திருந்தால் மாதத் தவணைக் கணக்கே மாறிவிடும் என்பதுதான் அதற்குக் காரணம். 19 மாதத்துக்கு முந்தைய கார் இன்குவைரிக்கு யாரும் விளக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை, நானும் கேட்டதில்லை. அதிலிருந்து பிறந்த கார் கடன்தான் எதிரிலேயே இருக்கிறதே, 19 தவணையோடு. அந்த 19-ஐயும் நாள் தவறாமல் கட்டியிருந்தால் அது இன்று உங்களுக்குச் சாதகமாகப் பேசும் சாட்சி. கார்டு நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி விதிகள் வைத்துக்கொள்வதுண்டு, அவற்றில் சில இன்குவைரியை ஸ்கோரைவிடக் கடுமையாகப் பார்க்கலாம். வீடு வாங்கும் வரை கார்டு பக்கம் போகாமல் இருந்தால் அது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

ஆகவே ஐந்து மாதம் காத்திருப்பது இன்குவைரிக்காக என்றால் தேவையில்லை. நிலுவையைக் குறைக்க ஐந்து மாதம் வேண்டும் என்றால் தாராளமாகக் காத்திருங்கள். அது வேலை நடக்கும் காத்திருப்பு. புதுக் கணக்கு எதையும் திறக்காதீர்கள், மரச்சாமான் கடையில் வட்டியில்லாத் தவணை என்று ஆசை காட்டினாலும் சரி. வீட்டுக் கடனுக்குப் போகும்போது, இன்குவைரிக்குப் பயந்து ஒரே இடத்தில் கேட்டு முடித்துவிடாதீர்கள். இந்தப் பயத்தால் ஆகும் பெரிய நஷ்டம் அதுதான். மூன்று, நான்கு இடத்தில் கேளுங்கள், எல்லாவற்றையும் 14 நாளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்போ புதியதோ, வான்டேஜ்ஸ்கோரோ, எதில் பார்த்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும். முப்பது ஆண்டுக் கடனில் கால் சதவீத வட்டி வித்தியாசம் எத்தனை ஆயிரம் டாலர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து புள்ளிப் பயம் அதோடு போய்விடும். நிலுவையைக் கட்டி முடித்த பிறகும் ரிப்போர்ட்டில் பழைய தொகையே தெரிந்தால், கடன் கொடுப்பவரிடம் ரேப்பிட் ரீஸ்கோர் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சில நாட்களில் புதுத் தொகையை ஏற்றி ஸ்கோரை மறுபடி எடுப்பார்கள். அதை நாமே நேரடியாகக் கேட்டுச் செய்துகொள்ள முடியாது, அவர்கள் மூலமாகத்தான்.

இங்கே படிக்கும் இந்திய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்ன 12 மாதம், 24 மாதம், 45 நாள் எல்லாம் அமெரிக்க ஸ்கோர்களுக்கு மட்டும். சிபில் 300 முதல் 900 வரை போகும் வேறு ஸ்கோர், வேறு சட்டத்தின் கீழ் வருவது. இந்தக் கணக்கை அதற்குப் பொருத்திப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் மூன்றாவது, நான்காவது காரணங்களை நீங்கள் எழுதவில்லை. பெயர், கணக்கு எண் எதுவும் இல்லாமல் அந்த இரண்டு வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள். இருக்கும் கார்டுகளின் மொத்த வரம்பு, மொத்த நிலுவை இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதை முதலில் கட்டினால் பலன் அதிகம் என்று என்னால் முடிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.